முப்பத்திரண்டாவது கடன்

"சம்பாதிக்கிறதுக்கு ஒரு கையெழுத்து போதும். போண்டியாகறதுக்குப் பதினெட்டுப் பக்கம் கேக்கறாங்களே, நியாயமா மேடம்?" என்றார் கண்டக்டர்.

மேடம் ஒரு மனுவைப் படித்துக்கொண்டிருந்தார்.

ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஒற்றை அறை. அதில் ஒரு மேஜை, மூன்று நாற்காலி, காற்றைவிடச் சத்தம் அதிகமாக வரும் ஒரு ஃபேன். துப்பறியும் நிலையம் என்று வாசலில் போர்டு இருந்தாலும் இருவரையும் அந்தப் பெயரில் யாரும் கூப்பிட்டதில்லை. மேடம்தான் டைப்பிஸ்டம்மா. முப்பது வருஷம் கோர்ட்டில் உட்கார்ந்து அடுத்தவர்கள் சொன்ன பொய்யை மூன்று பிரதிகள் அடித்துக் கொடுத்தவர். இவர் கண்டக்டர். இருபத்தாறு வருஷம் பஸ்ஸில் டிக்கெட் கிழித்தவர். ஓய்வு பெற்ற பிறகு அவருக்கு மிஞ்சியது இரண்டு. ஒன்று மனக்கணக்கு, இன்னொன்று வாய். வாய்தான் கொஞ்சம் பெரிசு.

எதிரே அச்சகக்காரரின் மனைவி, நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். அவள் கொண்டு வந்திருந்தது கணவருடைய திவால் மனுவின் நகல். சொந்தக் கடன்களின் பட்டியல் தனித்தாளில் இருந்தது. யாரிடம், எவ்வளவு, எதற்காக என்று மூன்று கட்டம்.

"நாலாம் நம்பர், பல் டாக்டர், ஒன்பதாயிரம். காரணம், கடைவாய்ப் பல் இரண்டு" என்று டைப்பிஸ்டம்மா வாசித்தார். "ஒன்பது, சலூன்காரர், ஆயிரத்து நூறு. காரணம், முடி வெட்டியது ஏழு தடவை, ஷேவிங் நான்கு. பதினேழு, மச்சான், முப்பதாயிரம். காரணம், பதினாறாம் நம்பர் கடனுக்கு வட்டி கட்ட. பதினெட்டு, ஆட்டோக்காரர், நானூறு. காரணம், மச்சானிடம் கடன் கேட்கப் போய் வந்தது."

"அடேங்கப்பா! கடன் கேக்கப் போன ஆட்டோவுக்கும் கடன் சொல்லியிருக்கார்!" கண்டக்டருக்குப் பரவசமாகிவிட்டது. "இவ்வளவு நாணயமான மனுஷனை நான் பார்த்ததே இல்லை."

"முப்பத்தொரு கடனுக்கும் இப்படித்தான் எழுதியிருக்கார். எல்லாம் நிஜம்" என்றார் டைப்பிஸ்டம்மா. "நிஜமான கடனோட காரணம் எப்பவும் அசிங்கமாத்தான் இருக்கும். அழகா எழுதியிருந்தாத்தான் சந்தேகப்படணும்."

"முப்பத்திரண்டாவதைப் பாருங்க" என்றாள் மனைவி.

முப்பத்திரண்டு. தொகை மூன்று லட்சத்து எழுபத்தெட்டாயிரம். யாரிடம் என்ற கட்டம் காலி. எதற்காக என்ற கட்டமும் காலி.

"இதே கட்டத்துக்காக ரெண்டு தடவை மனுவைத் திருப்பி அனுப்பிட்டாங்க. இன்னிக்கு மூணு மணிக்கு திவால் அதிகாரி முன்னாடி கடைசித் தவணை. இன்னிக்கும் பதில் இல்லேன்னா மனு தள்ளுபடின்னு வக்கீல் சொல்றார். மனு நின்னாத்தான் வீட்டு ஏலம் நிக்கும். இல்லேன்னா திங்கக்கிழமை காலையில வீடு போயிடும்."

"உங்க வீட்டுக்காரர் என்ன சொல்றார்?"

"வீடு போனா போகட்டும், அதை மட்டும் சொல்ல மாட்டேன்கிறார்." அவள் குரல் உடைந்தது. உடனே அதைத் தூக்கி நிறுத்திக்கொண்டாள். "எவளோ ஒருத்தி அவருக்குப் பணம் கொடுக்கறா மேடம். அவ யாருன்னு எனக்குத் தெரிஞ்சாகணும்."

"பொம்பளைதான்னு எப்படிச் சொல்றீங்க?"

"ஆம்பளைங்ககிட்ட வாங்கினதையெல்லாம்தான் கூச்சமே இல்லாம எழுதியிருக்காரே. சலூன்காரரைக்கூட விடலை."

கண்டக்டர் தலையாட்டினார். முப்பது வருஷ சர்வீஸ் போட்ட போலீஸ்காரனுக்கும் தோன்றாத தர்க்கம். டைப்பிஸ்டம்மா மட்டும் அவளைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். "வேற காரணமும் இருக்கா?" என்று கேட்டார். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அட்வான்ஸ் பற்றி யாரும் கேட்பதற்கு முன்பே பர்ஸைத் திறந்துவிட்டாள். பச்சைத் துணியில் மஞ்சள் கட்டம் போட்ட பர்ஸ், வீட்டில் மிஞ்சிய துணியில் தைத்தது. பத்து ஐந்நூறு ரூபாய் நோட்டுகள். கண்டக்டர் பழக்க தோஷத்தில் விரலை நாக்கில் வைத்து எண்ணினார்.

"ஓரமெல்லாம் கறுப்பா இருக்கேம்மா. செல்லுமா?"

"அவர் கை மை. அச்சகக்காரர் பொண்டாட்டிகிட்ட வெள்ளை நோட்டு எங்கே இருக்கும்?" என்று எழுந்தாள். "மீதிக்கும் கவலைப்படாதீங்க. எனக்குன்னு கொஞ்சம் தனியா வெச்சிருக்கேன். அவருக்குத் தெரியாது."

மணி பத்தே முக்கால். நான்கு மணி நேரத்தில் ஒரு பெண்ணைக் கண்டுபிடிக்க வேண்டும், பெயர் தெரியாது, முகம் தெரியாது. "பஸ்ல தூங்கிப் போனவனை எழுப்பி எங்க ஏறினேன்னு கேக்கற மாதிரி இருக்கு" என்று முணுமுணுத்தபடி கண்டக்டர் படியிறங்கினார்.

*

அச்சகத்தின் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. கண்டக்டர் குனிந்து நுழைந்தார். உள்ளே பெரிய இயந்திரம் போர்வை போர்த்திக்கொண்டு நின்றது. போர்வை மேல் விரலை வைத்தால் பெயர் எழுதலாம், அவ்வளவு தூசி.

அச்சகக்காரர் மேஜைக்குப் பின்னால் இருந்தார். நல்ல தொப்பை. பெல்ட் கடைசி ஓட்டையில் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தது. இரண்டு உள்ளங்கையிலும் கறுப்பு மை.

"வேலை மும்முரமோ?" என்றார் கண்டக்டர்.

"ஆமா, கொஞ்சம் அவசர ஆர்டர்."

டைப்பிஸ்டம்மா தரையைப் பார்த்தார். குப்பைக்கூடையைப் பார்த்தார். கடைசியில் அவர் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார், நாடி பார்க்கிற டாக்டர் மாதிரி.

"தரையில ஒரு துண்டு காகிதம் இல்லை. கூடையும் காலி. உள்ளங்கை முழுக்க மை, நகக்கண்ணுல சொட்டு மை கிடையாது. வேலை செஞ்சு ஒட்டின மை முதல்ல நகத்துக்குள்ளதான் போகும். நீங்க டப்பாவிலேர்ந்து எடுத்துப் பூசிக்கிட்டிருக்கீங்க. எத்தனை மாசமா?"

அச்சகக்காரர் கையை உருவிக்கொண்டார். "நீங்க யாரு?"

"உங்க மனைவி அனுப்பினவங்க."

அவ்வளவுதான். மனுஷன் நாற்காலியில் பொத்தென்று சரிந்தார். "அவளும் மூணு மணிக்கு வர்றாளா?" என்றார் பரிதாபமாக. "வர வேண்டாம்னு சொல்லுங்க. அதிகாரி என்ன திட்டினாலும் வாங்கிக்கறேன். அவ வர வேண்டாம்."

"அதிகாரிகிட்ட என்ன சொல்லப் போறீங்க?"

அவர் வாயைத் திறக்கவில்லை. ஆனால் மேஜை மேல் கிடந்த தாள் திறந்து கிடந்தது. கண்டக்டருக்குத் தலைகீழாகவும் படிக்க வரும். ஜன்னலோர சீட்டுக்காரர்களின் பேப்பரை இருபத்தாறு வருஷம் அப்படித்தான் படித்தார். முப்பத்திரண்டாவது கடனுக்கு என்ன காரணம் எழுதலாம் என்று ஒரு பட்டியல். 'மருத்துவச் செலவு.' அடித்திருந்தது. 'நண்பரின் அவசரத் தேவை.' அடித்திருந்தது. 'புதிய இயந்திரத்துக்கு முன்பணம்.' இதில் ஒரு எழுத்துப் பிழையைத் திருத்தி, ஓரத்தில் திருத்தக் குறியும் போட்டு, அதற்குப் பிறகு அடித்திருந்தது.

"பொய்க்கும் புரூஃப் பார்த்திருக்கார் மேடம்! தொழில் பக்தின்னா இது."

"எழுதித்தான் பார்த்தேன். ஒண்ணுகூடச் சரியா வரலை" என்றார் அச்சகக்காரர், தலையைக் குனிந்தபடி. "முப்பத்தொண்ணையும் எழுதறப்ப அவமானமாத்தான் இருந்தது. இருந்தாலும் எழுதிட்டேன். இது வேற. இதைச் சொன்னா நான் மனுஷனே இல்லைன்னு ஆயிடும். யார்கிட்ட வாங்கினேன்னு எனக்கே தெரியாது, அது போகட்டும். எதுக்கு வாங்கினேன்னு மட்டும் கேக்காதீங்க."

இதற்குமேல் கல்லில் நார் உரிக்க முடியாது என்று டைப்பிஸ்டம்மா எழுந்துவிட்டார். கண்டக்டர் சும்மா வரவில்லை. சுவரில் பில் குத்தி வைக்கிற கம்பி ஒன்று தொங்கியது. கரண்ட் பில், தண்ணீர் பில், கடன் நோட்டீஸ் எல்லாம் கழுவேறியிருந்தன. நடுவில் பாதி விரல் நீளத்துக்கு ஒரு சீட்டு. அதில் பேண்ட் துணியில் கத்தரித்த ஒரு துணுக்கைக் குண்டூசியால் குத்தியிருந்தது. அதை மட்டும் அலுங்காமல் உருவிப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

வெளியே வெயிலில் நின்று இருவரும் படித்தார்கள். மேலே ஒரு லேடீஸ் டெய்லர் கடையின் முத்திரை. கீழே பென்சிலில், 'இடுப்பு 27. கை 2. டெலிவரி 28.'

"இருபத்தேழு இடுப்பா? அது இவருக்கு எட்டாம் கிளாஸ் படிக்கிறப்ப இருந்திருக்கும்!" என்று கண்டக்டர் சிரித்தார். "கை ரெண்டு இன்ச்சாம் மேடம். பொம்மைக்குத் தைக்கறாங்களா?"

"ஆட்டோ கூப்பிடுங்க" என்றார் டைப்பிஸ்டம்மா. அவர் சிரிக்கவில்லை.

*

கடை வாசலில் 'ஆண்களுக்கு அனுமதி இல்லை' என்று எழுதியிருந்தது. கண்டக்டர் ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே என்று நின்றார். ஃபுட்போர்டு பழக்கம் கைகொடுத்தது.

உள்ளே மூன்று தையல் மிஷின். ஒன்றின் முன்னால் டெய்லரக்கா, கழுத்தில் இன்ச் டேப், வாயில் இரண்டு குண்டூசி. வயது ஐம்பது இருக்கும். சீட்டைப் பார்த்ததும் குண்டூசிகளை எடுத்து மேஜையில் வைத்தாள்.

"அளவுச் சீட்டு. அதுக்கென்ன?"

"யாருக்கு அளவு எடுத்தது?"

"கஸ்டமருக்கு."

"தொப்பையோட ஒரு கஸ்டமர், இருபத்தெட்டாம் தேதி, லேடீஸ் டெய்லர் கடையில, ரெண்டு இன்ச் கை வெச்சு எதைத் தைச்சுக்கறார்?" என்று வாசலிலிருந்து குரல் கொடுத்தார் கண்டக்டர்.

டெய்லரக்கா அவரை மேலிருந்து கீழே ஒரு பார்வை பார்த்தாள். அளவெடுத்துவிட்டாள் என்று கண்டக்டருக்கு உடம்பு கூசியது.

டைப்பிஸ்டம்மா மேஜை மேலிருந்த அளவு நோட்டை இழுத்துக்கொண்டார். தடி நோட்டு. டெய்லர்கள் எல்லாரும் செய்கிறபடி ஒவ்வொரு பக்கத்திலும் கஸ்டமரின் துணியில் ஒரு துணுக்கு, குண்டூசியில். பெயரே கிடையாது, துணிதான் அடையாளம். நோட்டின் முன்பாதியில் எல்லாம் ஒழுங்கான அளவுகள், மார்பு, தோள், கழுத்து இறக்கம். பின்பாதியில் வேறு மாதிரி மனிதர்கள் இருந்தார்கள். இடுப்பு ஐந்து. இடுப்பு நூறு. எல்லாருக்கும் கை ஒன்று அல்லது இரண்டு.

"இடுப்பு நூறா! கதவைப் பெயர்த்துத்தான் உள்ள கூட்டிட்டு வரணும்."

"இடுப்பு இல்லை, ஆயிரம்" என்றார் டைப்பிஸ்டம்மா. "கைங்கறது வட்டி. இருபத்தேழாயிரம், நூத்துக்கு ரெண்டு, இருபத்தெட்டாம் தேதி. இந்தக் கடையில தைக்கிறது முன்பாதி. கடன் பின்பாதி."

டெய்லரக்கா மறுக்கவில்லை. மிஷினின் சக்கரத்தைக் கையால் மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றினாள். "நான் யாரையும் ஏமாத்தலை. சும்மா கிடக்கிற காசை வெச்சிருக்கிற பொம்பளைங்க கொடுக்கறாங்க. தேவைப்படறவங்க வாங்கறாங்க. ரெண்டு வட்டியில ஒண்ணு அவங்களுக்கு, ஒண்ணு எனக்கு. ஒரு பைசா தப்பினது கிடையாது."

"அவருக்குக் கொடுத்தது யாரு?"

"அதை மட்டும் கேக்காதீங்க. கொடுத்தவங்க பேரை வாங்கினவங்ககிட்ட சொல்ல மாட்டேன். வாங்கினவங்க பேரைக் கொடுத்தவங்ககிட்ட சொல்ல மாட்டேன். சொல்லிட்டா அப்புறம் நடுவுல நான் எதுக்கு?"

வாழ்க்கையில் இவ்வளவு சுத்தமான வியாபாரக் கொள்கையைக் கண்டக்டர் கேட்டதில்லை. பெயரே இல்லாத நோட்டில் பெயரைத் தேட வந்த தங்கள் நிலைமையை நினைத்தால் அழுகை வந்தது. மணி ஒன்றரை. பசி வேறு.

டைப்பிஸ்டம்மா பக்கங்களைப் புரட்டிக்கொண்டே போனார். பேண்ட் துணுக்கு குத்திய பக்கத்தில் நின்றார். 'இடுப்பு 27, கை 2, தேதி 28', ஒன்றன்கீழ் ஒன்றாகப் பதினான்கு வரி. எதிர்ப்பக்கத்தைப் பார்த்தார். அங்கேயும் பதினான்கு வரி, 'இடுப்பு 27, கை 1, தேதி 5.' அந்தப் பக்கத்துக்கென்று குத்தியிருந்த துணியை இரண்டு விரலால் தடவினார். நோட்டைப் பட்டென்று மூடினார்.

"எத்தனையாவது தடவை ரூபாய் நோட்டுல மை பார்த்தப்ப உங்களுக்குப் புரிஞ்சுது?" என்று டெய்லரக்காவைக் கேட்டார்.

டெய்லரக்கா இன்ச் டேப்பைச் சுருட்டினாள். "மூணாவது தடவை" என்றாள்.

"மூணாவது தடவை புரிஞ்சும் பதினாலு தடவை ஓட்டியிருக்கீங்க."

"ஒவ்வொரு சுத்துக்கும் எனக்கு ஒண்ணு வந்துச்சே மேடம்."

கண்டக்டருக்கு ஒரு மண்ணும் விளங்கவில்லை. "யாரு மேடம் அவ? சொல்லிட்டு வாங்களேன்!" என்று ஆட்டோ வரைக்கும் கேட்டுக்கொண்டே ஓடினார். "எதிர்ப்பக்கத்துல குத்தியிருந்த துணியைப் பார்த்தீங்களா?" என்றார் டைப்பிஸ்டம்மா. "நான் கதவுக்கு வெளியில இருந்தேன். ஆண்களுக்கு அனுமதி இல்லையே!" என்றார் கண்டக்டர், மனம் நொந்து.

*

திவால் அலுவலகத்தின் வராந்தாவில் நீளப் பெஞ்சுகள். அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி முகத்தை வைத்திருந்தார்கள், தங்கள் பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டுவிடுவார்களோ என்கிற முகம். மணி இரண்டு நாற்பது.

ஒரு பெஞ்சின் இந்தக் கோடியில் அச்சகக்காரர். அந்தக் கோடியில் மனைவி. நடுவில் வக்கீல், யாருக்கும் சொந்தமில்லாத மூட்டை மாதிரி.

"கண்டுபிடிச்சீங்களா? யாரு அவ?" மனைவி எழுந்தே விட்டாள்.

"கண்டுபிடிச்சோம்" என்றார் டைப்பிஸ்டம்மா. "கண்டக்டர், கொஞ்சம் கணக்குச் சொல்லுங்க. இருபத்தேழாயிரம், பதினாலு தடவை."

"மூணு லட்சத்து எழுபத்தெட்டாயிரம்." தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும். "முப்பத்திரண்டாவது கடன். பைசா சுத்தமாப் பொருந்துது."

"மாசாமாசம் இருபத்தெட்டாம் தேதி இவர் டெய்லரக்காகிட்ட இருபத்தேழாயிரம் வாங்கறார்." டைப்பிஸ்டம்மா மனைவி பக்கம் திரும்பினார். "ஒண்ணாம் தேதி உங்களுக்கு இவர் என்ன கொடுப்பார்?"

அவள் பர்ஸை இறுகப் பற்றிக்கொண்டாள். "லாபம்" என்றாள். "வீட்டுச் செலவுக்குத் தனியாக் கொடுத்துட்டு, இது இந்த மாச லாபம், வெச்சுக்கோன்னு..."

"எவ்வளவு?"

"இருபத்தேழாயிரம்."

"அதை அஞ்சாம் தேதி எங்கே கொண்டு போவீங்க?"

டைப்பிஸ்டம்மா கையை நீட்டி, அவள் கையிலிருந்த பச்சைப் பர்ஸை வாங்கிப் பெஞ்சில் நிமிர்த்தி வைத்தார். "டெய்லரக்கா நோட்டுல, பணம் கொடுக்கிறவங்க பக்கத்துல இந்தத் துணிதான் குத்தியிருக்கு. பச்சையில மஞ்சள் கட்டம்."

கண்டக்டர் வாயைப் பிளந்தார். பிளந்த வாயை மூடாமலே மனதுக்குள் ஓட்டிப் பார்த்தார். இருபத்தெட்டு, கணவன் வாங்குகிறான். ஒன்று, மனைவிக்குக் கொடுக்கிறான். ஐந்து, மனைவி கடைக்குக் கொடுக்கிறாள். இருபத்தெட்டு, கணவன் வாங்குகிறான்...

"அடப் பாவிகளா!" என்று கத்தியேவிட்டார். பெஞ்சிலிருந்த அத்தனை கடனாளிகளும் திரும்பினார்கள். "மொத்தமே இருபத்தேழாயிரம்தான்! ஒரே பணம் பதினாலு டிரிப் அடிச்சிருக்கு! இவரு கடன் ஏறிக்கிட்டே போகுதுன்னு செத்துக்கிட்டிருக்கார், இந்தம்மா சேமிப்பு ஏறிக்கிட்டே போகுதுன்னு சந்தோஷமா இருக்காங்க! நடுவுல வட்டி வேற. சுமார் அம்பதாயிரம் ஆயிருக்குமே, அது எங்கே போச்சு?"

"பாதி டெய்லரக்காவுக்கு" என்றார் டைப்பிஸ்டம்மா. "பாதி இவங்களுக்கு."

"என் பாதியிலதான் வக்கீல் ஃபீஸ் கட்டினேன்" என்றாள் மனைவி ஈனக்குரலில்.

வக்கீல் சட்டென்று கூரையைப் பார்க்க ஆரம்பித்தார்.

அச்சகக்காரர் மட்டும் அசையவில்லை. மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீயா?" என்றார். "ரெண்டு வட்டிக்கு என்னை உரிச்சது நீயா?"

"எனக்கு ஒண்ணுதான் வந்துச்சு!" என்று அவள் சீறினாள். உடனே கண் நிறைந்தது. "எவளோ ஒருத்தி பணத்தைக் கொடுத்துக் கொடுத்து உங்களைக் கெடுக்கறான்னு நினைச்சேன். பதினாலு மாசம் அவளைச் சபிச்சேன். சபிக்காத சாபம் இல்லை."

எல்லாம் சரியான விலாசத்துக்குத்தான் போய்ச் சேர்ந்திருக்கிறது என்று கண்டக்டருக்கு நாக்கு நுனி வரை வந்தது. டைப்பிஸ்டம்மா அவர் காலை மிதித்தார்.

அந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து பெயரைக் கூப்பிட்டார்கள்.

*

அதிகாரி சின்ன உருவம், பெரிய கண்ணாடி. அன்றைக்குக் காலையிலிருந்து பதினொரு பேர் திவாலாவதைப் பார்த்துக் களைத்திருந்தார்.

"முப்பத்திரண்டு" என்றார் நிமிராமல். "யாரிடம்?"

அச்சகக்காரர் தொண்டையைச் செருமினார். "என் மனைவிகிட்ட."

"எதற்காக?"

"என் மனைவிக்குக் கொடுக்க."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "இது தமாஷ் பண்ற இடம் இல்லை. மனுவைத் தள்ளுபடி பண்ண எனக்கு ஒரு நிமிஷம் ஆகாது."

திங்கட்கிழமை ஏலம் அந்த ஒரு நிமிஷத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. வக்கீல் எழுந்து ஏதோ சட்டப் பிரிவைச் சொல்லத் தொடங்கினார். அச்சகக்காரர் அவர் தோளைப் பிடித்து உட்கார வைத்தார்.

"தமாஷ் இல்லை சார். ஆர்டர் நின்னு பதினாலு மாசம் ஆச்சு. தினமும் போய் ஷட்டரைப் பாதி இறக்கிட்டு உட்கார்ந்திருப்பேன். சாயங்காலம் கையில மையைப் பூசிக்கிட்டு வீட்டுக்குப் போவேன். இவ சோப்பு எடுத்துக் கொடுப்பா. வேலை பார்த்துட்டு வந்த புருஷன்னு நினைப்பா. ஒண்ணாம் தேதி லாபம்னு ஏதாவது கையில கொடுக்கணும், அதுக்குத்தான் வாங்கினேன். இவ என்னைப் பெரிய ஆளுன்னு நினைக்கணும்னு வாங்கினேன். வேற காரணம் கிடையாது." மூச்சு வாங்கினார். "இதை இவ முன்னாடி சொல்றதுக்கு வீடே போயிருக்கலாம்னு இருந்தது. சொல்லிட்டேன். எழுதிக்கோங்க."

அதிகாரி கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டு பேனாவை எடுத்தார்.

"கடை மூடினது எனக்குத் தெரியும்" என்றாள் மனைவி.

அச்சகக்காரர் திரும்பினார்.

"ஆரம்பத்துலேர்ந்தே தெரியும். நிஜமா வேலை பார்த்த காலத்துல உங்க கையைத் தேய்ச்சுத் தேய்ச்சு நகத்தையும் சுத்தம் பண்ண ரெண்டு தடவை சோப்புப் போடணும். இப்பல்லாம் ஒரே தடவையில போயிடுது. புரியாதா எனக்கு? கேக்கலாம்னு நினைப்பேன். நீங்க கையைக் கழுவிட்டு நிமிர்ந்து நிக்கறதைப் பார்த்தா மனசு வராது. அப்புறம் யோசிச்சேன், கடை ஓடலை, லாபம் மட்டும் எங்கேர்ந்து வருது? எவளோ கொடுக்கறா. என்னைக்காவது அவகிட்டயே போயிடுவீங்க. அன்னிக்கு நான் நடுத்தெருவுல நிக்கக் கூடாதுன்னு, கடைசியா வந்த நிஜ லாபத்தைப் போட்ட இடத்துலயே அந்தப் பணத்தையும் தொடாம வட்டிக்கு விட்டேன்." அவள் அதிகாரியைப் பார்த்தாள். "நான் எதுக்குக் கொடுத்தேன்னு கேட்டீங்கன்னா இதையே எழுதிக்கோங்க சார். புருஷனை நம்பாம."

அதிகாரி எழுதினார், சொல் மாறாமல். டெய்லரக்காவை வியாழக்கிழமை நோட்டோடு வரச் சொல்லிச் சம்மன் அனுப்ப உத்தரவிட்டார். சுற்றி வந்த அந்த இருபத்தேழாயிரம் இப்போது எங்கே இருக்கிறது என்று கேட்டார்.

மனைவி பர்ஸைத் திறந்து இருபத்திரண்டாயிரத்தை மேஜையில் வைத்தாள். "அஞ்சாயிரம் குறையுது" என்று மெல்லச் சொன்னாள், கண்டக்டரைப் பார்க்காமல்.

ஐந்தாயிரம் யாருடைய சட்டைப் பையில் இருந்ததோ, அவர் அந்தப் பையை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார். டைப்பிஸ்டம்மா அவர் கையை நகர்த்தி, மை படிந்த பத்து நோட்டையும் எடுத்து மேஜையில் வைத்தார்.

"மேடம், நாம மதியம் சாப்பிடக்கூட இல்லை" என்றார் கண்டக்டர். அவர் குரலில் அவ்வளவு துக்கம் இருந்தது.

"உங்க கடன் கணவருக்குக் கொடுத்த கடன்" என்று அதிகாரி மனைவியிடம் சொன்னார். "சொந்தக்காரங்க கடைசியிலதான் நிக்கணும். முப்பத்தொரு பேரும் வாங்கி முடிச்ச பிறகு ஏதாவது மிஞ்சினா உங்களுக்கு. பல வருஷம் ஆகும், வராமலும் போகலாம். விட்டுக் கொடுத்துடறீங்களா?"

அவள் கணவரைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார்.

"வட்டியை விட்டுடறேன். அசல் இருபத்தேழாயிரத்தை விட மாட்டேன். கடைசியில நிக்கறேன், பரவாயில்லை."

"அந்த இருபத்தேழாயிரமும் மேஜை மேலதானே இருக்கு? முப்பத்தொரு பேருக்கும் பங்கு போட்டா சலூன்காரருக்கே பத்தாதேம்மா" என்றார் கண்டக்டர்.

"எனக்குத் தெரியும். இருந்தாலும் பேர் இருக்கட்டும்."

அதிகாரி தலையாட்டினார். முப்பத்திரண்டாவது வரியில் அவள் பெயர் ஏறியது. மனுவின் மேல் முத்திரை விழுந்தது. திங்கட்கிழமை ஏலம் நிறுத்தப்படுகிறது என்று குமாஸ்தா ஒரே மூச்சில் வாசித்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

வராந்தாவில் கணவனும் மனைவியும் அதே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். இந்தத் தடவை நடுவில் வக்கீல் இல்லை. ஃபீஸ் பேச்சு வருமுன் அவர் நழுவிவிட்டிருந்தார்.

"ஏங்க" என்றாள் அவள். "வர்ற ஒண்ணாம் தேதி என்ன கொடுப்பீங்க?"

அச்சகக்காரர் வெகு நேரம் யோசித்தார். யோசிக்க ஒன்றும் இல்லைதான். இருந்தாலும் அந்த வார்த்தையை அவர் அவளிடம் இதுவரை சொன்னதில்லை.

"ஒண்ணும் இல்லை" என்றார்.

"சரி, அதையே கொண்டு வாங்க" என்றாள் அவள்.